ஆயில் மீட்டர் சொல்லாததைத் தீப்பொறி சொல்லும்

எட் கோல் தலைமையில் உருவாகி 1955-ல் வெளிவந்த ஷெவர்லேயின் ஸ்மால் பிளாக் வி8, கார்வெட்டில் தொடங்கி கமாரோ வரை எத்தனையோ வேகக் கார்களை ஓட்டிய எஞ்சின். அதன் பின்பகுதியில், 13 பற்கள் கொண்ட ஒரு சின்னப் பல்சக்கரம் இரண்டு பெரிய வேலைகளைச் சுமக்கிறது. கேம் ஷாஃப்டிலிருந்து சுழற்சியை வாங்கி, எட்டு சிலிண்டர்களுக்கும் தீப்பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்புகிறது. அதே தண்டின் கீழ்நுனி ஓர் இடைத்தண்டைத் திருப்ப, அது சம்ப்புக்குள் இருக்கும் ஆயில் பம்பைச் சுழற்றுகிறது. நிமிடத்துக்கு 6000 சுற்றில் எஞ்சின் ஓடும்போது இந்தச் சக்கரம் நொடிக்கு 50 முறை சுழலும். அந்த ஒரு நொடிக்குள் 400 தீப்பொறிகள் பிறக்கும்.

இந்தப் பற்கள் தேய்ந்தால் ஆயில் பிரஷர் குறையும் என்றுதான் எவருக்கும் தோன்றும். குறையாது. பல் பாதியாகத் தேய்ந்தாலும் ஒரு பல் இன்னொரு பல்லைத் தள்ளிக்கொண்டேதான் இருக்கும். பம்ப் அதே வேகத்தில் சுழலும், மீட்டர் முள்ளும் வழக்கமான இடத்திலேயே நிற்கும். கடைசிப் பல் உடையும் நொடிவரை அது எதையும் காட்டிக்கொடுக்காது.

காட்டிக்கொடுப்பது தீப்பொறி. பம்பின் சுமை பற்களை எப்போதும் ஒரே பக்கமாக அழுத்துவதால், தேய்மானமும் அந்தப் பக்கத்திலேயே சேர்கிறது. டிஸ்ட்ரிபியூட்டர் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்குகிறது. சக்கரத்தின் ஆரம் 15 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கால் மில்லிமீட்டர் தேய்ந்தால் ஏறக்குறைய 1 டிகிரி பின்தங்கல். கிராங்க் இரண்டு சுற்றுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்று என்பதால், கிராங்க் கணக்கில் அது 2 டிகிரி. இதை டைமிங் லைட் அப்படியே காட்டிவிடும். முதல் சிலிண்டரின் பிளக்கில் பொறி பாயும்போதெல்லாம் மின்னும் அந்த விளக்கை கிராங்க் டேம்பரில் உள்ள கோட்டின் மேல் பிடித்தால், சுழலும் கோடு நின்றதுபோல் தெரியும். சரிசெய்து வைத்த டைமிங் ஒவ்வொரு சோதனையிலும் பின்னால் போயிருந்தாலோ, கோடு ஓரிடத்தில் நிற்காமல் துள்ளினாலோ, கீழே பற்களுக்கிடையே இடைவெளி பெருகுகிறது என்று சந்தேகிக்கலாம். மயிரிழை உலோகம் குறைந்ததை வெறும் வெளிச்சம் காட்டித்தருவது எனக்கு இன்றும் வியப்புதான்.

தளர்ந்த டைமிங் செயினும் இதே அறிகுறியைத் தரும். பிரித்தறிய டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, ரோட்டருக்குக் கீழே உள்ள தண்டையே கையால் முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும். ரோட்டரை மட்டும் அசைத்தால் அட்வான்ஸ் ஸ்பிரிங்குகளின் ஆட்டம் ஏமாற்றிவிடும். தண்டில் தாராளமான ஆட்டம் இருந்தால் குற்றவாளி பல்சக்கரம். தண்டு இறுக்கமாக இருந்து, கிராங்கைத் திசைமாற்றித் திருப்பும்போது ரோட்டர் தாமதித்துக் கிளம்பினால் செயின்.

இந்தச் சக்கரம் ஏன் இப்படித் தேய்கிறது? கேம் ஷாஃப்ட் படுத்திருக்கிறது, டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு அதற்குக் குறுக்கே நிற்கிறது. இப்படிக் குறுக்கிடும் சாய்பற்கள் அகலமாகப் பொருந்துவதில்லை. ஒரு புள்ளியளவு தொட்டு, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன. எல்லாமே மெல்லிய எண்ணெய்ப் படலத்தை நம்பித்தான். அதிக கொள்ளளவு பம்பும் குளிர்ந்த கெட்டி ஆயிலும் சேர்ந்தால் சுமை கூடும், படலம் கிழியும்.

உலோகங்களின் பொருத்தமும் முக்கியம். வார்ப்பிரும்பு கேமுக்கு வார்ப்பிரும்புச் சக்கரம் ஒத்துப்போகும். பந்தயத்துக்கான எஃகு ரோலர் கேமோடு அதையே ஓட்டினால் இரண்டும் ஒன்றையொன்று அரிக்கும். அதனால் அங்கே வெண்கலச் சக்கரம் போடுவார்கள். விலையுயர்ந்த கேமைக் காக்க மலிவான சக்கரம் தேயட்டும் என்ற ஏற்பாடு அது; ஆகவே வெண்கலத்தை அவ்வப்போது கழற்றிப் பார்த்தே தீர வேண்டும். ஆயில் பில்டரை அறுத்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டாத பொன்னிறத் துகள் வெண்கலமாக இருக்கலாம்; ஆனால் பேரிங்கின் செம்பு அடுக்கும் அப்படித்தான் மின்னும். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால் ஐயமில்லை: ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து, பல்லின் நுனி கத்திபோல் கூராகியிருக்கும்.

பற்கள் அடியோடு போனால் ஆயிலும் தீப்பொறியும் ஒரே கணத்தில் நின்றுவிடும். பொறி இல்லாததால் எஞ்சின் அணைந்து, பேரிங்குகள் பிழைக்க வழியுண்டு. ஓட்டுநர் உடனே கிளட்சை மிதித்துவிட வேண்டும், இல்லையென்றால் காரின் வேகமே எஞ்சினை வறட்சியில் சுழற்றும். 1997-ல் கார்வெட்டுக்கு வந்த எல்எஸ்1 எஞ்சினில் பம்ப் கிராங்கின் முன்நுனியிலேயே அமர்ந்துவிட்டது, டிஸ்ட்ரிபியூட்டரே இல்லை. தேயும் அந்தச் சக்கரமும் இல்லை. ஆனால் அங்கே பம்ப் நின்றாலும் பொறி தொடர்ந்து பாயும்.

பழைய ஸ்மால் பிளாக் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: சக்கரத்தை மாற்றும்போது டிஸ்ட்ரிபியூட்டர் துளை வழியே டார்ச் அடித்து கேமின் பற்களையும் பாருங்கள். அவை சிதைந்திருந்தால் புதுச் சக்கரம் போடுவது வீண்செலவு. கேமையும் மாற்றித்தான் ஆக வேண்டும்.