ஒட்டுப் போட்ட படகு கடலில் தாங்குமா?



நம்ம ஆரணியைத் தொட்டு ஓடும் ஆரணியாறு பழவேற்காடு ஏரியில் போய்ச் சேர்கிறது. அந்தக் கரையில் வரிசையாக நிற்கும் பைபர் படகுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரை முழுவதும் இவை பெருகிவிட்டன. கட்டுமரத்தில் கயிறு அறுந்தால் திரும்பக் கட்டிக்கொள்ளலாம். பைபர் உடைந்தால் கயிறு உதவாது, வேதியியல்தான் உதவும்.

பைபர் என்பது என்ன? கண்ணாடி இழையும் பாலியெஸ்டர் ரெசினும் சேர்ந்தது. கான்கிரீட்டில் கம்பி எப்படியோ, இதில் இழை அப்படி. பலம் கொடுப்பது இழை, அதைப் பிடித்து வைப்பது ரெசின். மேலே பளபளவென்று தெரிவது 'ஜெல் கோட்'. மணலில் இழுக்கும்போதும், முகத்துவாரத்து மணல் திட்டில் தட்டும்போதும் முதலில் தேய்வது இதுதான். பிறகு இழை வெளியே தெரியும், தண்ணீர் இறங்கும், அடுக்குகள் பிரியும்.

எங்க சித்தப்பா இந்த ஒட்டு வேலைதான் செய்கிறார். எங்க குடும்பத்தில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான். ஆனால் சித்தப்பா ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிப் பார்த்தே அடுக்கு பிரிந்த இடத்தைச் சொல்லிவிடுவார். நல்ல இடம் 'டங்' என்று கேட்கும், கெட்ட இடம் 'டப்' என்று அடங்கும். அவர் கைப்பழக்கத்துக்குப் பின்னால் இருக்கும் காரணங்களை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி நன்றாகக் காய விட வேண்டும். பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு இரவு விட்டால், அடியில் வியர்த்திருக்கிறதா என்று பார்க்கலாம். வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. ஈரத்தில் ஒட்டு பிடிக்காது.

அடுத்து, அசிட்டோனால் எண்ணெய்ப் பசையைத் துடைத்துவிட்டு கிரைண்டரால் தேய்க்க வேண்டும். இறுகிப்போன பழைய ரெசினோடு புது ரெசின் முழுதாக ஒன்று கலக்காது. சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். அதனால் ஓட்டையை மட்டும் அடைத்தால் போதாது. சுற்றிலும் கனத்தைப் போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்ப்பது நல்ல வழக்கம். 5 மி.மீ. கனம் என்றால் 60 மி.மீ. வெறும் பட்டி பூசி பெயிண்ட் அடித்தால் பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் அதில் நீள இழை இல்லை, அலை அடித்தால் பெயர்ந்துவிடும்.

பிறகுதான் கலவை. "கேட்டலிஸ்ட் எவ்ளோ சித்தப்பா?" என்றேன். "வெயிலப் பாத்து ஊத்துவேன்டா" என்றார். அவர் சொன்னது தவறில்லை. சூடு கூடினால் ரெசின் சீக்கிரம் இறுகும். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. பொதுவாக 1 கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மி.லி. வரைதான். குறைந்தால் முழுதாக இறுகாது, கூடினால் சூடேறி வெடிப்பு விடும். இப்போது அவர் சிரிஞ்சில் அளந்து ஊற்றுகிறார்.

'மேட்' எடையைப் போல் இரண்டு, இரண்டரை மடங்கு ரெசின் போதும். ஒவ்வொரு அடுக்கையும் ரோலரால் உருட்டிக் காற்றுக் குமிழை வெளியேற்ற வேண்டும். கனமான இடத்தை ஒரே மூச்சில் போடாமல், மூன்று நான்கு அடுக்காகப் பிரித்துச் சூடு ஆறவிட்டுப் போட வேண்டும். கடைசியில் ஜெல் கோட் பூசினால் வேலை முடிந்தது.

நண்பர்களே, இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அதன் பிறகுதான் கேட்டலிஸ்ட். கோபால்ட் கலந்தே வரும் ரெசினும் உண்டு, கடையில் கேட்டு வாங்குங்கள். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வை போகலாம். உடனே 15 நிமிடமாவது தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். முகத்தில் கட்டும் துண்டு ரெசின் ஆவியைத் தடுக்காது. அதற்கென்று உள்ள மாஸ்க்கும் கண்ணாடியும் வேண்டும். இவற்றின் விலை ஒரு நாள் கூலியைவிடப் பெரிதாகத் தெரிவதால்தான் பலர் வாங்குவதில்லை. ஆனால் கண் போனால் கூலியே இல்லையே!

தண்ணீர்த் தொட்டி, ரசாயனத் தொட்டி, பஸ் முகப்பு எல்லாவற்றுக்கும் இதே முறைதான். நாளை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலைக்குப் போகும் நமக்கு இது உதவும். அங்கே பல வருடம் கை பழகிய பெரியவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் தட்டிப் பார்க்கக் கற்றுக்கொள்வோம். அளந்து ஊற்ற நாம் சொல்லிக் கொடுப்போம். நாம் போடும் ஒட்டை நம்பித்தான் நாலு பேர் விடியற்காலையில் கடலுக்குப் போகிறார்கள்.