மண்டையோட்டுப் பொருத்துக்களின் முன்மூடலும் குழந்தையின் பார்வையும்

1912 ஆம் ஆண்டிற் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஒக்டாவ் குரூசோன் ஒரு தாயிடமும் அவள் மகனிடமும் கண்டு விவரித்த நோயில், மண்டையோட்டென்புகளின் பொருத்துக்கள் உரிய காலத்துக்கு முன்னரே இணைந்துவிடுகின்றன. கட்குழிகள் ஆழமற்றனவாதலின் விழிகள் முன்தள்ளி நிற்கும். இமைகள் முற்றாக மூடாவிடின் கருவிழியின் முன்னுள்ள விழிவெண்படலம் உலர்ந்து புண்ணாகும்; இதற்கு உடனடிச் சிகிச்சை வேண்டும்.

ஆயினும், பெற்றோர் காணும் இக்கேட்டினும் அவர்கள் காணாத கேடுகளே பெரிதும் அஞ்சத்தக்கவை. வளரும் மூளைக்கு இடம் போதாதபோது மண்டையோட்டினுள் அமுக்கம் உயரும். பார்வை நரம்பின் முனை வீங்கும். அமுக்கம் நீடிப்பின் நரம்பு நலியும். அவ்வாறு இழந்த பார்வை மீளாது. குழந்தையோ முறையிடுவதில்லை, தான் காண்பதே உலகின் இயல்பான தோற்றம் என்றிருக்கும். மிக இளங் குழந்தைகளில் அமுக்கம் உயர்ந்திருந்தும் நரம்புமுனை வீங்காதிருத்தலும் உண்டு. ஆகவே, விழியின் உட்புறம் சீராகத் தோன்றுவதை மட்டும் நம்புதல் போதாது.

மாறுகண்ணும் ஒளிமுறிவு வழுக்களும் இந்நோயில் மலிந்தவை. இவற்றால் ஒரு கண்ணின் விம்பத்தை மூளை புறக்கணிக்கப் பழகிவிடின், நரம்பு பழுதுறாமலே பார்வை குன்றும். மூக்குக்கண்ணாடி அணிவித்தல், நல்ல கண்ணை நாளிற் சில மணிநேரம் மறைத்தல் ஆகிய எளிய முறைகள் குழந்தைப் பருவத்திலேயே நற்பயன் தரும். சத்திரசிகிச்சையால் மண்டையோட்டை விரித்த பின்பும் அமுக்கம் மீண்டும் உயரலாம். ஆதலின் கண் பரிசோதனை அத்துடன் முடிவதன்று.