பள்ளியும் சந்தையும் – 7: மானியம், கட்டணம், மேற்பார்வை

கல்வியைத் தனியாரிடம் விடலாமா என்ற வாதம் தஞ்சைச் சீமைக்குப் புதிதல்ல. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-ல் தொடங்கிய கணக்கெடுப்பில் தஞ்சாவூர் மாவட்டத்தில் 884 பள்ளிகள் பதிவாயின. அரசாங்கம் நடத்தாத, ஊரார் செலவில் நடந்த திண்ணைப் பள்ளிகளே அவற்றில் மிகுதி. மாணவர் வீட்டிலிருந்து வாத்தியாருக்குக் காசும் நெல்லும் போகும். கொடுக்க வசதியும் சாதியில் இடமும் இருந்த வீட்டுப் பையன் எண்ணும் எழுத்தும் கற்றான். பண்ணையாள் வீட்டுப் பிள்ளைக்கு அந்தத் திண்ணையில் இடமில்லை. பெண்பிள்ளைகளுக்கும் அநேகமாக இல்லை.

1854-ல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கை மானிய முறையைக் கொண்டுவந்தது. பள்ளியைத் தனியார் நடத்துவார்கள், அரசு பணம் தரும், அதிகாரி வந்து பார்வையிடுவார் என்பது ஏற்பாடு. 1882-ன் ஹண்டர் குழு இந்த வழியையே வலியுறுத்தி, உயர்நிலைக் கல்வியிலிருந்து அரசு படிப்படியாக விலகலாம் என்றது. கிறிஸ்தவ சபைகளும் ஊர்ப் பெரியவர்களும் நடத்திய பள்ளிகள் டெல்டா நகரங்களில் வேரூன்றின. கணித மேதை இராமானுஜன் படித்த கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளி 1864-ல் தொடங்கியது. நல்ல ஆசிரியர், நீண்ட நிர்வாக மரபு, ஊரின் பெருமை மூன்றும் சேர்ந்த பள்ளிகள் இம்முறையில் உருவானதை மறுக்க முடியாது. ஆனால் அவை இருந்தது நகரத்தில்தான்.

வயலுக்கு நடுவே இருந்த ஊர்களுக்குப் பள்ளி வந்தது அரசு நேரடியாக இறங்கிய பிறகு. 1953-ல் இராஜாஜி அரசு கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டம் ‘குலக்கல்வி’ என்று எதிர்க்கப்பட்டு அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. காமராஜர் காலத்தில் பள்ளிகள் பெருகின, 1956-ல் மதிய உணவு தொடங்கியது, 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். நடவுக்கும் களையெடுப்புக்கும் போன தாயின் பிள்ளைக்குப் படிப்போடு சோறும் கிடைத்தது. கட்டணம் வாங்கிப் பிழைக்கும் எந்தப் பள்ளியும் அந்தத் தெருவைத் தேடி வந்திருக்காது.

மெட்ரிகுலேஷன் பள்ளிகளின் காலமும் இதற்கிடையே வந்தது. 1978-ல் மேல்நிலைக் கல்வி அறிமுகமானபோது, அதுவரை பல்கலைக்கழகங்களோடு இணைந்திருந்த இப்பள்ளிகளுக்குத் தனி வாரியமும் தனி விதிகளும் வந்தன. ஆங்கில வழிக் கல்விக்கு இருந்த ஆசை அவற்றை வளர்த்தது. காலையில் மஞ்சள் வேன் ஊருக்குள் வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போகும் வழக்கம் டெல்டா கிராமங்களிலும் நிலைத்தது. வேன் வந்த ஊரில் அரசுத் தொடக்கப் பள்ளியின் வருகைப் பதிவேடு மெலிந்தது. இருந்த ஆசிரியர்களும் குறைய, ஒருவரே பல வகுப்புகளைப் பார்க்கும் நிலை வந்தது. அதைப் பார்த்த அடுத்த வீட்டாரும் வேனைத் தேடினார்கள்.

சந்தை முறையை ஆதரிப்போரின் வாதம் இங்கிருந்து தொடங்குகிறது. அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் 1955-ல் எழுதிய கட்டுரை அதன் மூலம். அரசு பணத்தைப் பள்ளிக்குத் தராமல் பெற்றோர் கையில் வவுச்சராகத் தரட்டும். பெற்றோர் விரும்பிய பள்ளியில் சேர்க்கட்டும். பிள்ளைகளை இழக்கும் பள்ளி திருந்தும், இல்லையேல் மூடும் என்பது அதன் சாரம். வராத ஆசிரியரை யாரும் கேட்காத ஊரில் இந்த வாதத்துக்கு வலு உண்டு. அதை எளிதில் தள்ளிவிட முடியாது.

நடத்திப் பார்த்த இடங்கள் சொல்வது வேறு. சிலி நாடு 1981-ல் இதை நாடு முழுதும் செயல்படுத்தியது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் ஒருபுறமும் ஏழைப் பிள்ளைகள் மறுபுறமும் பிரிந்தார்கள். 2015-ல் அந்நாடு சட்டம் இயற்றி, அரசு மானியம் பெறும் பள்ளிகள் இலாபம் எடுப்பதையும், மாணவரைப் பொறுக்கிச் சேர்ப்பதையும், பெற்றோரிடம் கூடுதல் கட்டணம் வாங்குவதையும் தடுக்க முற்பட்டது. பக்கத்து ஆந்திரத்தில் 2008 முதல் நான்கு ஆண்டுகள் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்திய ஆய்வில் குலுக்கல் முறையில் வவுச்சர் தரப்பட்டது. தனியார் பள்ளிக்கு மாறிய பிள்ளைகள் தெலுங்கிலும் கணக்கிலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளை மிஞ்சவில்லை. இந்தியில் மட்டும் முன்னே இருந்தார்கள். தனியார் பள்ளியின் செலவு அரசுப் பள்ளியின் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்பதும் அதே ஆய்வின் முடிவு. அதற்கு முக்கியக் காரணம் ஆசிரியருக்குத் தந்த மிகக் குறைந்த சம்பளம்.

டெல்டாவுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஜூனில் பள்ளி திறக்கும்போது கட்டணம், சீருடை, புத்தகம், வேன் பணம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். மேட்டூர் அணை திறப்பதற்கு வழக்கமான நாள் ஜூன் 12. தண்ணீர் வந்தால் கையிலுள்ள காசு உழவுக்கும் விதைக்கும் நடவுக்கும் போகும். வராவிட்டால் குறுவையே இல்லை. சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுப் பணம் கைக்கு வருவது தை, மாசியில். இடைப்பட்ட மாதங்களில் கட்டணத்துக்கு வழி நகைக்கடன்தான். கூலிக்குப் போகிறவருக்கு அடகு வைக்க நகையும் இல்லை. பெற்றோர் தேர்வு செய்வார்கள் என்ற கோட்பாடு, பருவம் பார்த்து வரும் இந்த வருமானத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

மேற்பார்வை தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த மண்ணிலேயே சாட்சி இருக்கிறது. 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. கும்பகோணம் காசிராமன் தெருவில் ஒரே கட்டடத்தில் அரசு நிதியுதவி பெறும் கிருஷ்ணா பள்ளியும், ஒரு நர்சரி பள்ளியும், ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியும் நடந்தன. சத்துணவுச் சமையல் கூடத்தில் பிடித்த தீ, மாடியில் வகுப்பறைகளுக்கு மேலிருந்த கீற்றுக் கூரைக்குத் தாவியது. இறங்கக் குறுகலான வழிதான் இருந்தது. 94 குழந்தைகள் மாண்டார்கள். அங்கீகாரம், ஆய்வு, கட்டட உறுதிச் சான்று எல்லாம் தேவைப்பட்ட பள்ளி அது. ஆனாலும் கூரை கீற்றாக இருந்தது.

நீதிபதி சம்பத் ஆணையம் விசாரித்தது. தஞ்சாவூர் நீதிமன்றம் 2014 ஜூலை 30 அன்று பள்ளி நிர்வாகத்தினர், சத்துணவுப் பணியாளர், கல்வித்துறை அலுவலர் உட்பட 10 பேரைக் குற்றவாளிகள் என்றது. 11 பேரை விடுவித்தது. தீர்ப்புக்குப் பெற்றோர் பத்து ஆண்டுகள் காத்திருந்தார்கள். 2009-ல் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியில் படிப்பது கல்வி உரிமையின் பகுதியே என்று தீர்ப்பளித்ததும் இந்தத் தீயை முன்வைத்த வழக்கில்தான்.

விபத்தையடுத்துப் பள்ளிகளுக்குக் குறைந்தபட்ச நில அளவு விதிக்கப்பட்டது: மாநகராட்சியில் 6 கிரவுண்டு, கிராமத்தில் 3 ஏக்கர். அந்த அளவு இல்லாத பள்ளிகளுக்குத் தற்காலிக அங்கீகாரம் திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டது. 2009-ல் தமிழ்நாடு கட்டண ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றியது; அதே ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கியது. அந்தப் பிள்ளைகளுக்கான கட்டணத்தை அரசே பள்ளிக்குத் தருகிறது. நடைமுறையில் அதுவும் ஒருவகை வவுச்சர். ஒன்றிய அரசின் நிதி நிறுத்தப்பட்ட 2025-ல் இச்சேர்க்கை மாதக்கணக்கில் முடங்கி, அக்டோபரில்தான் தொடங்கியது. நிதி நின்றபோது தனியார் பள்ளியின் கதவும் ஏழைப் பிள்ளைக்கு மூடியது. அரசுப் பள்ளி ஜூனிலேயே திறந்திருந்தது.

அரசுப் பள்ளியும் கைகட்டி நிற்கவில்லை. 2012 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாகத் தொடங்கின. 2020-ல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. 2023 ஆகஸ்ட் 25 அன்று நாகை மாவட்டம் திருக்குவளையில், காலை உணவுத் திட்டம் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. வேனில் போன பிள்ளையைத் திரும்ப அழைக்க இவை மட்டும் போதாது. வகுப்புக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். அவர் பாடம் நடத்தும் நேரத்தை வேறு பணிகள் தின்னக் கூடாது.

தனியார் பள்ளி இருக்கட்டும். ஆனால் பொதுப்பணம் முதலில் போக வேண்டிய இடம் வயல்வெளி ஊரின் அரசுப் பள்ளி. மானியமோ கட்டண ஈடோ எந்தப் பள்ளிக்குப் போனாலும், அதிகாரி மாடியேறிக் கூரையைப் பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோர். கணக்குக் கேட்கும் உரிமையைச் சட்டம் அவர்களுக்குக் கொடுத்திருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு ஒரு நாள் கூலி போனாலும் போக வேண்டும். ஆசிரியர் எத்தனை பேர், கட்டடம் எப்படி, பணம் எங்கே என்று கேட்க வேண்டும்.

(தொடரும்)