கடல் மீனுக்கும் பொருத்தம் பார்க்கணும்!

அந்த வீட்டு ஹாலில் நாலடி நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. உப்புத் தண்ணீர், நீல விளக்கு, உள்ளே பாறை... நுழைந்ததுமே கடலுக்கு அடியில் போய் நிற்கிற மாதிரி இருக்கும். புதுசாக வாங்கி விட்ட மீன்கள் ஒன்பது. ஒரு வாரம் கழித்து எண்ணினால் ஆறு. அடுத்த வாரம் நாலு! துள்ளி வெளியே விழுந்திருக்குமோ என்று சோபாவுக்கு அடியிலெல்லாம் துழாவினார் வீட்டுக்காரர். எதிர்வீட்டுப் பூனை மேல் பழி விழுந்தது. கடைசியில் பார்த்தால், மூலையில் விசிறி மாதிரி துடுப்பை விரித்து நின்றுகொண்டிருந்த லயன் ஃபிஷ்ஷின் வயிறு மட்டும் புடைத்துக்கொண்டிருந்தது.

"ரொம்பச் சாது சார், நின்ன இடத்தை விட்டு அசையாது" என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்களாம். அசையாதுதான்... வாய்க்கு எட்டும் தூரத்தில் குட்டி மீன் வரும்வரை!

கல்யாணம் என்றால் பத்துப் பொருத்தம் பார்க்கிற நாம், மீன் வாங்கும்போது மட்டும் கலரைப் பார்த்து மயங்கி விடுகிறோம். நல்ல தண்ணீர் மீன்களில் இந்தத் தப்பை ஓரளவு சமாளித்துவிடலாம். பவளப் பாறை மீன்கள் அப்படியில்லை. ஒவ்வொன்றும் 'இந்தப் பொந்து என்னுது' என்று பட்டா போட்டு வாழ்ந்து பழகியவை. கடலில் சண்டை வந்தால் தோற்றது வேறு பாறைக்கு ஓடிப் போகும். நாலடித் தொட்டியில் எங்கே ஓடும்? ஓட இடமில்லாமல், பயத்திலேயே சாப்பாட்டை விட்டு, நோய் பிடித்துச் செத்துப்போகும்.

சரி, எதை வாங்கலாம்?

முதல் மீன் எது என்று உங்கள் குழந்தையே சொல்லிவிடும். 2003-ல் 'ஃபைண்டிங் நீமோ' படம் வந்ததிலிருந்து ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீனுக்கு அப்படி ஒரு மவுசு. நல்லவேளை, இது புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கும் ஏற்ற மீன்தான். கடலில் இது கடல் சாமந்திக்குள் ஒளிந்து வாழும். அதற்காகத் தொட்டியிலும் சாமந்தி வைத்தாக வேண்டும் என்பதில்லை. இதை விற்கும் கடையில் 'எங்கே வளர்ந்தது?' என்று கேளுங்கள். மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்துக் காட்டியிருக்கின்றன. இப்படிப் பண்ணையில் பிறந்த மீன், தொட்டி வாழ்க்கைக்கும் குருணைத் தீனிக்கும் பழகியிருக்கும். கடலில் பிடித்து வந்ததைவிட நின்று பிழைக்கும்.

ஜோடி சேர்ப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. கோமாளி மீன்களில் பெரியதுதான் பெண். அடுத்தது ஆண். பெண் செத்துப்போனால் அந்த ஆணே பெண்ணாக மாறிவிடும்! (படத்தில் அம்மா மீன் செத்ததும் நிஜப்படி அப்பா மீன் அம்மாவாகியிருக்க வேண்டும். குழந்தைகளிடம் சொல்லிக் குழப்ப வேண்டாம்.) அதனால் ஒரே அளவில் இரண்டு பெரிய மீன் வாங்காதீர்கள். இரண்டும் பெண்ணாக இருந்தால் ஒன்று சாகும்வரை சண்டைதான். சின்னதும் பெரியதுமாக இரண்டு இளம் மீன்கள் வாங்கினால் அவையே பேசி முடித்துக்கொள்ளும்.

இவற்றோடு கோபி இன மீன் ஒன்றைச் சேர்க்கலாம். மணலில் வளை தோண்டும் பிஸ்டல் இறாலையும் இறாலோடு கூட்டுக் குடித்தனம் நடத்தும் வகை கோபியையும் ஒன்றாக விட்டால், டி.வி-யை அணைத்துவிடுவீர்கள். இறாலுக்குக் கண் பார்வை மந்தம். வளையைத் தோண்டுவது இறால், வாசலில் காவல் நிற்பது மீன். ஆபத்து என்றால் மீன் வாலை ஆட்டும், இரண்டும் உள்ளே! ஃபயர் ஃபிஷ்ஷும் சாதுவானதுதான். பயந்தால் தொட்டிக்கு வெளியே எகிறிவிடும் என்பதால், மேலே வலை மூடி கட்டாயம்.

இனி, பார்த்ததும் ஆசை வந்தாலும் நகர்ந்து வந்துவிட வேண்டியவை...

நீமோவின் தோழி டோரி, அதாவது ப்ளூ டாங். கடையில் கட்டைவிரல் அளவில் இருக்கும். முழுசாக வளர்ந்தால் ஒரு அடி! நாள் முழுக்க நீந்திக்கொண்டே இருக்கும் ஜாதி. 'சர்ஜன் மீன்' என்பதும் இந்தக் குடும்பத்தைத்தான். படித்து வாங்கிய பட்டம் இல்லை, வாலடியில் கத்தி போல ஒரு முள் வைத்திருக்கிறது. வெள்ளைப்புள்ளி நோயும் இதற்குச் சீக்கிரம் வரும்.

மாண்டரின் மீன், பட்டுப்புடவை பார்டர் மாதிரி அத்தனை அழகு. ஆனால் பாறையிடுக்கில் ஊரும் கண்ணுக்குத் தெரியாத உயிரினங்களைத்தான் மேயும். புதுத் தொட்டியில் அது கிடைக்காமல் மெல்ல மெல்லப் பட்டினியில் செத்துவிடும். வண்ணத்துப்பூச்சி மீன்களில் பலவற்றுக்குப் பவளமே சாப்பாடு. ட்ரிகர் மீன் இருக்கிற இடத்தில் இறால் மிஞ்சாது. பெட்டி மீன் மிரண்டால் நஞ்சைக் கக்கி மொத்தத் தொட்டியையும் கொன்றுவிடக்கூடும்.

கடைக்காரரிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வையுங்கள்: "என் கண் முன்னாடி இதுக்குத் தீனி போட்டுக் காட்டுங்க." சாப்பிடாத மீனை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

எந்த மீனை முதலில் விடுகிறீர்கள் என்பதிலும் விஷயம் இருக்கிறது. தொட்டியை அமைத்து 4 முதல் 6 வாரம் மீனே இல்லாமல் ஓடட்டும். மீன் கழிவின் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா பாறையில் குடியேற அவ்வளவு நாள் ஆகும். 'சும்மா ரெண்டு டாம்சல் போட்டு ஆரம்பிங்க, விலை மலிவு' என்பார்கள். கேட்காதீர்கள். டாம்சல் விரலளவு இருந்தாலும் பேட்டை ரவுடி. முதலில் வந்தது அதுவென்றால் தொட்டியே அதன் ராஜ்யம், பின்னால் வருகிறவர்களை ஓட ஓட விரட்டும். பயந்த சுபாவம் முதலில், அடாவடி கடைசியில். இதுதான் கணக்கு. புது மீனை விடும் அன்று பாறைகளைக் கொஞ்சம் மாற்றி அடுக்குங்கள். பழைய மீன்களுக்குத் தங்கள் எல்லை குழம்பும், புதுசுக்கு ஓர் இடம் கிடைக்கும்.

ஒவ்வொரு மீனையும் முதலில் நாலு வாரமாவது தனித் தொட்டியில் வைத்துப் பார்ப்பது நல்லது. வெள்ளைப்புள்ளி நோய்க்குத் தாமிர மருந்து போட வேண்டியிருந்தால் அங்கேயே போட்டுவிடலாம். பெரிய தொட்டியில் ஊற்றினால் இறாலும் நத்தையும் காலி.

'பவளம் வைக்கலாமா?' என்று கேட்பீர்கள். 2001-ல் பவளப் பாறைகளும் கடல் குதிரைகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவில் வெட்டியெடுத்த பவளத்தை யாராவது ரகசியமாக நீட்டினால், வாங்குகிறவரும் குற்றவாளிதான். செராமிக் பாறை போதும். பாக்டீரியாவும் குடியேறும், மீனும் ஒளிந்துகொள்ளும்.

இப்போது உங்கள் கைக்கு வருவோம். லயன் ஃபிஷ்ஷின் துடுப்பு முள்ளில் விஷம் உண்டு. குத்திவிட்டால் பொறுக்க முடியாத வலி. ஐஸ் வைக்காதீர்கள். கை பொறுக்கும் சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில், 30 முதல் 90 நிமிடம் முக்கி வையுங்கள். குத்துப்பட்ட கையில் சூடு தெரியாமல் போகலாம். அதனால் மற்ற கையால் சூடு பார்த்துவிட்டு முக்குங்கள். பிறகு டாக்டரிடம் போங்கள். மூச்சுத் திணறினால் வெந்நீருக்காகக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரி.

சத்தமில்லாமல் வரும் இன்னொன்று, மைக்கோபாக்டீரியம் மரைனம் என்ற கிருமி. விரலில் சின்னக் கீறலோடு தொட்டிக்குள் கை விட்டால் நுழைந்துவிடும். சில வாரம் கழித்து அந்த இடத்தில் ஒரு கட்டி வந்து ஆறாமல் நிற்கும். சாதாரணக் களிம்புக்கு மசியாது. மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டிவரும். டாக்டரிடம் 'வீட்டில் மீன் வளர்க்கிறேன்' என்ற ஒரு வார்த்தையை மறக்காமல் சொல்லுங்கள். பாதி நோயறிதல் அதிலேயே முடிந்துவிடும். நோய் எதிர்ப்பு சக்தி குறைவாக உள்ளவர்கள் கையுறை இல்லாமல் தொட்டியைத் தொடவே வேண்டாம். குழாயை வாயில் வைத்து உறிஞ்சித் தண்ணீர் எடுக்கும் பழக்கமும் யாருக்கும் வேண்டாம்.

பழைய பாறை வாங்கி வந்து 'கொதிக்க வைத்துச் சுத்தம் பண்ணலாம்' என்று அடுப்பில் ஏற்றாதீர்கள். அதில் பட்டன் பட்டனாக ஒட்டியிருக்கும் சில ஜோவாந்திட் உயிர்களில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்த சம்பவங்கள் வெளிநாட்டு மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

அது சரி, அந்த லயன் ஃபிஷ் என்ன ஆச்சு என்கிறீர்களா? 'பேசாமல் மெரினாவில் விட்டுடலாமே' என்றாராம் வீட்டுக்காரர். கூடாது! தொட்டியின் நோயும் சேர்ந்து கடலுக்குப் போகும். 1985-ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா பக்கம் முதலில் தென்பட்ட லயன் ஃபிஷ், இன்று கரீபியன் முழுக்கப் பரவி அங்குள்ள குட்டி மீன்களைத் தின்று தீர்க்கிறது. வளர்த்தவர்கள் விட்டதுதான் ஆரம்பம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். கடைசியில் கடைக்காரரே திருப்பி எடுத்துக்கொண்டார், பாதி விலைக்கு. அந்தப் பணத்தில் வலை மூடி வாங்கியாகிவிட்டது.