கல்லுக்குள் நிறம் வந்தது எப்படி? கொடுமணல் கைவினைஞர்கள் சொல்லித்தரும் பாடம்

“நான் கோடிங் ஆளுங்க. கலையெல்லாம் நமக்கு வராது.” கோவை, திருப்பூர், ஈரோடு அலுவலகங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. கலை ஒரு பக்கம், அறிவியல் ஒரு பக்கம் என்று பள்ளிக்கூடத்திலேயே குரூப் பிரித்துவிடுவதன் விளைவு. ஆனால், 2,000 ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பிரிவினையே தெரியாமல் இயங்கிய ஓர் ஊர், பெருந்துறை வட்டத்திலேயே இருக்கிறது. அதுதான் கொடுமணல்.

எங்கே இருக்கிறது?

பெருந்துறையிலிருந்து சென்னிமலை போய், அங்கிருந்து மேற்கே போனால் நொய்யல் ஆற்றின் வடகரையில் இந்தச் சிற்றூர். கரூரையும் மேற்குக் கடற்கரையின் முசிறித் துறைமுகத்தையும் பாலக்காட்டுக் கணவாய் வழியே இணைத்த பெருவழியில் அமைந்த ஊர். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில்கிழாரும் நல்ல அணிகலன்களுக்குப் பெயர்பெற்றதாகக் குறிப்பிடும் ‘கொடுமணம்’ இதுதான் என்கிறார்கள் ஆய்வாளர்கள். 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகமும், பிறகு பேராசிரியர் கா.ராஜன் தலைமையிலான குழுவினரும் இங்கே அகழாய்வு செய்தார்கள்.

என்ன கிடைத்தது?

சிவப்புச் சூதுபவளம், பச்சைக்கல், நீலக்கல், பளிங்கு என வண்ண வண்ண மணிகள். முடிந்த மணிகள் மட்டுமா? மூலக்கல், பாதி செதுக்கியது, தேய்த்து மெருகேற்றாதது, துளை போடாதது என எல்லா நிலைகளிலும் கிடைத்தன. அதாவது, இது மணி வாங்கி அணிந்த ஊர் மட்டுமல்ல. மணி செய்த ஊர்.

அதோடு இரும்பு உருக்கிய உலைகள், எஃகு தயாரித்ததற்கான தடயங்கள், சங்கு வளையல்கள், நூல் நூற்கும் தக்களிகள், தமிழி எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகளும் கிடைத்தன. கொல்லர், மணி செய்பவர், நூற்பவர் என்று எல்லோரும் ஒரே ஊரில்.

இதில் அறிவியல் எங்கே வருகிறது?

முதலில் நிறம். சூதுபவளத்தின் சிவப்புக்குக் காரணம் அதில் கலந்திருக்கும் இரும்பு. மங்கலான கல்லைப் பக்குவமாகச் சூடாக்கினால் சிவப்பு ஆழமாகும். சூடு சட்டென்று ஏறினால் கல் வெடித்துவிடும்.

அடுத்து கோலம். இங்கே கிடைத்த சில சூதுபவள மணிகளில் வெண்ணிறக் கோடுகள் உண்டு. அவை பெயின்ட் அல்ல. சலவைச் சோடாவில் இருப்பது போன்ற காரத்தைப் பசையாக்கி, கல்மேல் கோடு வரைந்து சுடுவார்கள். காரம் கல்லின் மேற்பரப்பில் வேலை செய்து, அழியாத வெள்ளைக் கோடாக நின்றுவிடும். வரைவது கலை, சுடுவது வேதியியல். இரண்டும் ஒரே கையில்.

கடைசியாகத் துளை. பளிங்கைத் துளைக்க அதைவிடக் கடினமான பொருள் வேண்டும். குருந்தம் அல்லது வைரம். குருந்தம் பக்கத்திலேயே, சிவன்மலை வட்டாரத்தில் கிடைக்கிறது. பச்சைக்கல்லுக்குக் காங்கயம் அருகே படியூர். காலடியில் என்ன கிடைக்கிறது, அதை வைத்து என்ன செய்யலாம் என்ற கேள்விதான் இவர்களுடைய டிசைன் பாடம்.

ரோமாபுரிக்கும் தெரியுமா?

தெரியும். முதல் நூற்றாண்டின் ரோமானிய எழுத்தாளர் பிளினி, பச்சைக்கல் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே வருகிறது என்று எழுதினார். கூடவே ஒரு புகாரும் சொன்னார்: இந்தியர்கள் பளிங்குக்குச் சாயம் ஏற்றி, பச்சைக்கல் போலவே செய்துவிடுகிறார்களாம்! ரோமானியருக்கு அது மோசடி. ஆனால், கல்லுக்கே நிறமேற்றும் அளவுக்குத் தொழில்நுட்பம் இங்கே கைவசம் இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

அதே நொய்யல், இன்னொரு நிறம்

கொடுமணலுக்கு அருகில்தான் 1992-ல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறது. பாசனத்துக்குக் கட்டிய அந்த அணையில், திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கியது. தண்ணீரைத் திறக்க வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. 2011 ஜனவரியில், கழிவுநீர் வெளியேற்றத்தை முழுமையாக நிறுத்தாத சாயப்பட்டறைகளை மூட சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மணி செய்தவர்கள் நிறத்தைக் கல்லுக்குள் நிறுத்தினார்கள்; பிற்காலத்தில் நிறம் ஆற்றுக்குள் போனது. துணியில் பிடிக்காத சாயம் எங்கே போகும் என்பதையும் சேர்த்து யோசிப்பதுதான் முழுமையான டிசைன் என்பதை நொய்யல் வலியோடு சொல்லித்தந்தது.

நமக்கு என்ன பயன்?

புது யோசனை வரவில்லை என்றால், பலரும் போனில் படங்களைத் தள்ளிக்கொண்டே இருப்போம். அதில் தெரிவது முடிந்த பொருள் மட்டும்தான். கொடுமணல் காட்டுவது பாதியில் நின்ற மணிகளை. அதாவது, வேலை நடந்த விதத்தை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சென்னிமலைப் பக்கம் போனால், கோயிலோடு திரும்பிவிடாமல் ஒரு கைத்தறிக் கூடத்திலும் எட்டிப் பாருங்கள். பாவு எப்படி ஓடுகிறது, எந்த நூலுக்குப் பிறகு எந்த நிறம், ஏன் அந்த எண்ணிக்கை என்று நெசவு செய்கிறவரிடமே கேளுங்கள். “இதை எப்படிங்க செய்யறீங்க?” என்ற அந்த ஒரு கேள்வியில், கலையும் அறிவியலும் சேர்ந்தே பதிலாக வரும்.