நாய் இருக்கும் கொல்லைக்குப் பூனை ஏன் வருகிறது?

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் திருமுக்கூடல். அந்தக் கரையோர ஊர்களில் வீட்டின் பின்னால் ஒரு கொல்லை இருக்கும். அதில் வைக்கோல் போர், விறகு அடுக்கு, நாலு வாழை, முருங்கையடியில் கட்டிப்போட்ட ஒரு நாய். அது தொண்டை கிழியக் குரைத்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டுப் பூனை மதில்மேல் சாவகாசமாக நடந்து வந்து, சங்கிலி எட்டாத மூலையில் இறங்கும். காவலுக்கு நாய் வளர்த்தும் ஊர்ப்பூனை எல்லாம் இங்கேதான் வருகிறது என்று வீட்டுக்காரர் அலுத்துக்கொள்வார்.

நாய்க்கு ரோஷம் குறைந்துவிடவில்லை. பூனையின் கணக்கில் இது நல்ல கொல்லை, அவ்வளவுதான்.

முதல் காரணம் எலி. தானியம் உள்ள இடத்தில் எலி, எலி உள்ள இடத்தில் பூனை. திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டில் இங்கே 15 படுக்கைகளோடு நடந்த ஆதுலர் சாலையைப் பற்றிப் பேசுவதால் அதற்குத் தனிப் பெயர். அந்த மருத்துவமனையின் வைத்தியருக்கும் பணியாளருக்கும் நெல் அளந்திருக்கிறார்கள். அத்தனை நெல் குவிந்த ஊரில் எலிக்குப் பஞ்சம் இருந்திருக்காது. பூனையைப் பற்றிக் கல்வெட்டு எதுவும் சொல்லவில்லை என்றாலும், அது இல்லாமலா இருந்திருக்கும்?

நாயும் பூனையும் மனிதனிடம் வந்து சேர்ந்த வழியே வேறு. ஓநாய் வழிவந்த நாய், விவசாயம் தொடங்கும் முன்பே வேட்டைக் கூட்டங்களோடு ஒட்டிக்கொண்டது. பூனையின் மூதாதை மேற்காசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் திரிந்த காட்டுப்பூனை. களஞ்சியம் வந்தது, எலி வந்தது, எலியைத் தேடி அது வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதரின் பக்கத்தில் புதைத்த பூனை எலும்புக்கூட்டை ஆய்வாளர்கள் 2004-இல் அறிவித்தார்கள். வேட்டையில் நாய்க்குக் கூட்டாளி வேண்டும், பூனை தனியாள். அதனால்தான் நாய் நம் கட்டளைக்குக் காத்திருக்கிறது, பூனை நம் வேலியை மதிப்பதில்லை.

திருமுக்கூடலிலிருந்து பாலாற்றின் போக்கிலேயே கடலை நோக்கிப் போய்க் கொஞ்சம் வடக்கே திரும்பினால் மாமல்லபுரம். அங்கே அர்ச்சுனன் தபசுப் பாறையில் பின்னங்காலில் நின்று, கைகளைத் தலைக்குமேல் தூக்கித் தவம் செய்கிறது ஒரு பூனை. சுற்றிலும் எலிகள். 7-ஆம் நூற்றாண்டுச் சிற்பி பூனையை நன்றாகவே கவனித்திருக்கிறார்.

பூனைக்குக் கொல்லை என்பது வாசனையால் ஆன வரைபடம். கன்னத்திலும் நெற்றியிலும் வாலடியிலும் பாதத்திலும் அதற்கு மணச் சுரப்பிகள் உண்டு. கதவு நிலையில் அது கன்னத்தைத் தேய்ப்பதைக் கொஞ்சலாக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது; தான் வந்துபோனதைப் பதிவு செய்கிறது. ஆண் பூனை வாலை நிமிர்த்தி மதிலில் பீய்ச்சும் மூத்திரமும் அதே வேலையைத்தான் செய்கிறது, நாற்றம்தான் தாங்காது. அடுத்து வரும் பூனை மோந்து பார்த்து, யார் வந்தது, எவ்வளவு நேரத்துக்கு முன்பு என்று அறிந்துகொள்ளும். ஒரே பாதையைப் பல பூனைகள் வெவ்வேறு வேளையில் முறை வைத்துப் பயன்படுத்துவதை ஜெர்மன் ஆய்வாளர் பால் லைஹௌசன் கவனித்து எழுதினார். நாய் தூங்கும் வேளையும் அவிழ்த்துவிடும் வேளையும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடும்.

வருவது தூரத்துப் பூனையாக இருக்காது. ஆறு நாடுகளில் 925 வளர்ப்புப் பூனைகளுக்கு ஜிபிஎஸ் கட்டிப் பார்த்த ஆய்வு 2020-இல் வெளியானது. பெரும்பாலானவை வீட்டிலிருந்து 100 மீட்டருக்குள்ளேயே சுற்றின. நம் கொல்லைக்கு வருவதும் இரண்டு மூன்று வீடு தள்ளிச் சோறு தின்னும் பூனையாகத்தான் இருக்கும்.

காதும் அதற்குத் துணை. மனிதக் காது நொடிக்குச் சுமார் 20,000 அதிர்வு வரை கேட்கும், நாயின் காது 45,000 வரை. பூனைக்கு 64,000-க்கும் மேலே கேட்கும். விறகு அடுக்குக்குள் எலிக்குஞ்சு எழுப்பும் மீயொலி நாய்க்கே எட்டாமல் போகலாம், பூனைக்கு எட்டிவிடும்.

இரண்டாவது காரணம் நாயின் தட்டு. மீன்தலை பிசைந்த சோற்றில் பாதியை விட்டுவிட்டு நாய் படுத்துவிடும். பூனைக்குச் சோறு பொருட்டே இல்லை, மீனுக்காகத்தான் வரும். அது முழு ஊனுண்ணி; டாரின் என்ற சத்து இறைச்சியிலிருந்து கிடைத்தே ஆக வேண்டும். இனிப்பை உணரும் மரபணு பூனையிடம் பழுதாகிக் கிடப்பது 2005-இல் தெரியவந்தது. பாயசம் வைத்தாலும் அதற்கு இனிப்புத் தெரியாது.

சண்டையில் பாதி, ஒன்றின் பாஷை மற்றதற்குப் புரியாததால் வருவது. நாய் வாலை ஆட்டினால் பெரும்பாலும் நட்பு. பூனை வாலைச் சுழற்றி அடித்தால் எரிச்சல். ஓடுகிற எதையும் நாய் துரத்தும். பூனை ஓடாமல் முதுகை வளைத்து மயிரைச் சிலிர்த்து நின்றால் பல நாய்கள் தயங்கிவிடும். கண் திறந்த சில வாரங்களிலேயே பூனையோடு பழகிய நாய்க்குட்டி, வளர்ந்தபின் அதன் பக்கத்திலேயே தூங்கும்.

பூனை வரவேண்டாம் என்றால் தின்றுமுடித்த தட்டை உடனே எடுத்துவிடுங்கள். எலி அடையும் மூலையைத் துப்புரவு செய்யுங்கள். பொலபொலவென்ற மண்ணைத்தான் அது மலம் கழிக்கத் தேடும் என்பதால் கீரைப் பாத்தியில் முள் கிளையைப் பரப்புங்கள். பூனை மலத்தில் டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருக்கக்கூடும். கர்ப்பிணிகள் அந்த மண்ணை வெறுங்கையால் தொட வேண்டாம். விஷம் வைப்பது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம், அதோடு முதலில் சாவது நம் நாயாகவும் இருக்கலாம். வெறிநோய் பூனைக்கும் வரும். ஆகவே நாய்க்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போடுங்கள். பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

விறகு அடுக்குக்குள் பூனை குட்டி போட்டிருந்தால் நாயைக் கொஞ்ச நாள் வாசல் பக்கம் கட்டுங்கள். குட்டியைத் தொட வேண்டாம். இடம் சரியில்லை என்று பட்டால் தாயே ஒவ்வொன்றாகப் பிடரியைக் கவ்வி வேறு கொல்லைக்கு மாற்றிக்கொள்ளும், அநேகமாக ராத்திரியில்.