வளரிளம் பருவத்தினரின் சமூக, உணர்வுத் திறன்கள்: கல்வி இணைச் செயல்பாடுகளில் நாடகத்தின் இடம்

முன்னுரை

வளரிளம் பருவத்தை 10 முதல் 19 வயது வரையிலான காலமாக உலகச் சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. இப்பருவத்தினரிடையே விளையாட்டு, நாடகம், இசை முதலிய கல்வி இணைச் செயல்பாடுகளில் ஈடுபடுவோர் பிறரினும் தன்னம்பிக்கையும் நட்புறவும் மிக்கவராக விளங்குவர் என்னும் கருத்து பரவலாக உள்ளது. அதற்குச் செயல்பாடுதான் காரணமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

தொடர்பும் காரணமும்

கூச்சமற்ற மாணவரே மேடையை நாடுவர்; வசதியுள்ள குடும்பமே பயிற்சிக்குச் செலவிடும். எனவே, பங்கேற்பும் திறனும் சேர்ந்து காணப்படுவது மட்டுமே காரணத்தை நிறுவாது. இச்சிக்கலைக் களைய ஒப்பீட்டுக் குழுக்கள் தேவைப்படுகின்றன. அத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த டர்லாக், வைஸ்பெர்க், பச்சன் ஆகியோர் 2010இல் வெளியிட்ட கட்டுரை, பள்ளி நேரத்திற்குப் பிந்தைய திட்டங்களால் தன்மதிப்பும் பள்ளிப் பிணைப்பும் நன்னடத்தையும் உயர்வதைக் காட்டியது. ஆயினும் படிமுறை ஒழுங்கு, செயல்வழிப் பயிற்சி, திறனுக்கென ஒதுக்கிய நேரம், வெளிப்படையான இலக்கு ஆகிய நான்கும் அமைந்த திட்டங்களே குறிப்பிடத்தக்க பயன் தந்தன.

மெய்ப்பாடும் நாடகப் பயிற்சியும்

இந்நான்கையும் நாடகப் பயிற்சியில் பொருத்திப் பார்க்கத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் துணைசெய்கிறது. அது கல்வி உளவியல் நூலன்று. எனினும் எண்வகை மெய்ப்பாடுகளுக்கும் தனித்தனியே நிலைக்களன்களை வகுக்கிறது. இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கும் அழுகைக்குரியன. இழிவுபடுத்தப்பட்டவனின் அழுகையும் உறவை இழந்தவனின் அழுகையும் ஒன்றல்ல. அவ்வேறுபாட்டை உணர்ந்து நடிக்க முயலும் மாணவர், பிறர் உணர்வின் காரணத்தை வினவப் பழகுகிறார். தம் உணர்வுக்கும் பெயரிடக் கற்கிறார். ஒத்திகை, உடன் நடிப்போருக்கு இடங்கொடுக்கும் பொறுமையை வளர்க்கிறது.

ஆண்டு விழாவிற்காக வசனத்தை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதில் இவ்வாய்ப்பு அரிது. அங்கு முன்னரே பேச்சுத்திறன் வாய்த்தவரே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். பயிற்சி மிகுதியும் தேவைப்படுவோர் பார்வையாளராகவே நின்றுவிடுகின்றனர்.

முடிவுரை

செயல்பாட்டின் பெயரன்று, அதன் அமைப்பே திறனை வளர்க்கிறது. பாத்திரத்தின் உணர்வையும் அதன் காரணத்தையும் உரையாடும் நேரம் ஒத்திகையின் பகுதியாதல் வேண்டும். கூச்சமுடைய மாணவருக்கும் அதில் இடம் கிடைக்கும்போதுதான், இருக்கும் திறனைக் காட்சிப்படுத்தும் மேடை, இல்லாத திறனை வளர்க்கும் களமாக மாறும்.